கல்லாவும் கோட்டையும்

சிறு வணிகர் ஒருவர் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மறுநாளே தம் கடையைத் திறந்து கல்லாவில் அமரலாமா என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் தரும் விடை, தாராளமாக அமரலாம் என்பதே. மக்கள் பிரதிநிதிகள் வழக்கறிஞர் தொழில் செய்வதைத் தடுக்க வேண்டும் என்று கோரிய வழக்கை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தபோது, அவர்களை முழுநேர ஊதியப் பணியாளர்களாகக் கருத இயலாது என்று காரணம் கூறியது. வழக்கறிஞருக்குப் பொருந்தும் அந்த நியாயம் மளிகைக்கடைக்காரருக்கும், லேத் பட்டறை வைத்திருப்பவருக்கும், பேருந்து உரிமையாளருக்கும் பொருந்தும். ஆகவே, தொழில் செய்யலாமா கூடாதா என்பது இங்கே ஆராய வேண்டிய வினா அன்று. கடையின் நலனும் பதவியின் அதிகாரமும் எந்த இடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன, அந்த இடம் வாக்களித்தவரின் கண்ணுக்குத் தெரிகிறதா என்பவையே ஆராய வேண்டியவை. பெருந்தொழிலும் மலைக்கிராமமும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கிய அஞ்செட்டி வட்டாரம் இந்த ஆராய்ச்சிக்குப் பொருத்தமான களம்.

இரு பொருளாதாரங்களுக்கு நடுவே

தேன்கனிக்கோட்டை வட்டத்தில் அடங்கியிருந்து பின்னர் தனி வட்டமாக உயர்த்தப்பட்ட அஞ்செட்டி, 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய காடுகளுக்கிடையே அமைந்துள்ளது. இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவில் உள்ள ஓசூரில், 1971இல் நிறுவப்பட்ட சிப்காட், அதாவது நிலத்தைக் கையகப்படுத்திச் சாலையும் நீரும் மின்சாரமும் அமைத்துத் தொழிற்சாலைகளுக்கு மனைகளாக ஒதுக்கும் அரசு நிறுவனம், உருவாக்கிய தொழிற்பேட்டையைச் சுற்றி அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் போன்ற பெருநிறுவனங்கள் வளர்ந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் கடைந்து தரும் ‘ஜாப் ஒர்க்’ பட்டறைகள், அதாவது மூலப்பொருளை வாங்கித் தருபவர் ஒருவராகவும் கூலிக்கு வேலை செய்து தருபவர் மற்றொருவராகவும் இயங்கும் சிறு தொழிலகங்கள், பின்தொடர்ந்து பெருகின. அஞ்செட்டிப் பக்கத்து மலைகளிலோ ராகி, கொள்ளு, அவரை, புளி, ஆடு வளர்ப்பு ஆகியவையே பிழைப்பு. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவுயிரினச் சரணாலயமும் 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்குச் சரணாலயமும் இப்பகுதிக் காடுகளைத் தழுவி நிற்பதால், கதிர் முற்றும் பருவத்தில் யானைக்குக் காவல் இருப்பதும் உழவின் ஒரு பகுதியாகிவிட்டது.

சிறு வணிகம் என்ற சொல்லுக்கு அரசு தரும் பொருளும் ஊர் தரும் பொருளும் வேறு வேறு. நடுவண் அரசு 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்திய வரையறையின்படி, முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கும் மிகாதவை குறுந்தொழில்கள். முதலீடு 25 கோடிக்கும் விற்றுமுதல் 100 கோடிக்கும் மிகாதவை சிறுதொழில்கள். விற்றுமுதல் என்பது ஓராண்டில் விற்ற சரக்கு, சேவை ஆகியவற்றின் மொத்த மதிப்பே தவிர, இலாபம் அன்று. அஞ்செட்டிக் கடைத்தெருவின் மளிகைக்கடையும் உரக்கடையும் புளி மண்டியும் இந்தக் கணக்கில் ‘சிறு’ என்ற படிக்குக்கூட ஏறாமல் ‘குறு’ என்ற படியிலேயே நின்றுவிடும். ஓசூரில் பல இயந்திரங்களை ஓட்டும் பட்டறை முதலாளியும் அதே படியில் நிற்கக்கூடும். ஒரே பெயருக்குள் அடங்கும் இவ்விருவரும் அரசை நாடும் காரணங்கள் வேறுபட்டவை என்பதை நினைவில் கொள்ளாமல், தொழில்முனைவோர் அரசியலுக்கு வருவது நல்லது என்றோ கெட்டது என்றோ பொத்தாம்பொதுவாகப் பேசுவதில் பொருளில்லை.

கடன் நோட்டு என்னும் பள்ளி

மானாவாரி நிலத்தில், அதாவது பாசனமின்றி மழையை மட்டுமே நம்பிய நிலத்தில், ராகி விளைவிக்கும் குடும்பத்துக்குப் பணம் ஆண்டு முழுவதும் வருவதில்லை. ஆடியில் விதைத்தவருக்குக் கார்த்திகை, மார்கழி அறுவடைக்குப் பிறகும், புளியமரம் வைத்திருப்பவருக்கு மாசி, பங்குனி உலுக்கலுக்குப் பிறகும்தான் கையில் காசு தங்கும். எண்ணெயும் உப்பும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமுமோ மாதந்தோறும் தேவைப்படும். இடைப்பட்ட மாதங்களை நிரப்புவது கடைக்காரரின் கடன் நோட்டு. வாங்கியதைப் பற்று என்றும் கொடுத்ததை வரவு என்றும் இரு பத்திகளாக எழுதிவரும் அந்த நீளவாக்கு நோட்டில், அறுவடை முடிந்ததும் சில கணக்குகள் பணமாகவும் சில கணக்குகள் மூட்டையாகவும் தீர்க்கப்படுவது மலையோரச் சந்தை ஊர்களின் வழக்கம்.

இத்தகைய கடையை நெடுங்காலம் நடத்துபவர், தாம் அறியாமலேயே அரசியலுக்கான பயிற்சியைப் பெறுகிறார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் இப்பகுதியில் வாடிக்கையாளரின் மொழியிலேயே விலை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு கடன் தாங்கும், யார் வீட்டில் திருமணம், யாருடைய வயலை யானை மிதித்தது என்பவை தெரிந்திருக்க வேண்டும். கொடுத்த சொல் தவறாதிருக்க வேண்டும். இவை மூன்றும் வேட்பாளருக்கும் வேண்டிய தகுதிகளே. இதற்கு மறுபக்கமும் உண்டு. கடன் கொடுத்தவரிடம் வாங்கியவர் முகம் முறித்துப் பேச முடியாது. கடைக்காரர் வாக்குக் கேட்டு வாசலில் நிற்கும்போது, நம்பிக்கை எங்கே முடிந்து நெருக்கடி எங்கே தொடங்குகிறது என்று அந்த வீட்டுக்காரராலேயே பிரித்துச் சொல்ல இயலாமல் போகலாம். சட்டம் எதுவும் எட்டாத நுண்ணிய இடம் இது.

அஞ்செட்டி அடங்கிய தளி சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் முடிவுகள், கட்சிச் சின்னத்தைக் கடந்த காரணங்களும் இங்கே வேலை செய்வதை உணர்த்துகின்றன. 2001இல் பாரதிய ஜனதா கட்சியின் கே.வி. முரளிதரன் வென்றார், 2006இல் சுயேச்சையாக நின்ற டி. ராமச்சந்திரன் வென்றார், அவரே 2011இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் வேட்பாளராக மீண்டும் வென்றார், 2016இல் தி.மு.க.வின் ஒய். பிரகாஷ் வென்றார், 2021இல் தொகுதி மறுபடியும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ராமச்சந்திரனுக்கும் திரும்ப, பிரகாஷ் பக்கத்துத் தொகுதியான ஓசூரில் வென்று சட்டமன்றம் சென்றார். கொள்கையளவில் எதிரெதிர்த் துருவங்களான கட்சிகளையும், கட்சியே இல்லாத ஒருவரையும் இருபதாண்டு இடைவெளிக்குள் ஒரே தொகுதி தேர்ந்தெடுத்திருப்பதில் கூட்டணிக் கணக்குக்குப் பங்கு உண்டு எனினும், ஆளைப் பார்த்து அளக்கும் வழக்கத்துக்கும் பங்கு உண்டு. ஆளைப் பார்த்து அளக்கும் ஊரில் அந்த ஆளின் தொழில் என்ன என்பது தனிப்பட்ட செய்தியாக நின்றுவிடுவதில்லை.

உரிமத்தைப் பற்றிப் பேசிய தொரப்பள்ளிக்காரர்

வணிகமும் அரசும் தொடும் இடத்துக்குப் பெயர் வைத்தவர் இந்த மண்ணிலேயே பிறந்தவர். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது, தொழில் தொடங்க உரிமம், மூலப்பொருள் பெற ஒதுக்கீடு, சரக்கை நகர்த்த அனுமதி என ஒவ்வொரு படியிலும் அரசின் கையெழுத்துக்காகக் காத்திருக்க வைக்கும் முறையை ‘லைசென்ஸ் பெர்மிட் ராஜ்’ என்று சாடினார். அவரது பொருளாதாரக் கொள்கையை ஏற்காதவர்களும் அந்தச் சொற்றொடரின் உண்மையை மறுக்கவில்லை. ஏனெனில் கையெழுத்துக்குக் காத்திருப்பவர் வணிகராகவும், கையெழுத்திடும் அலுவலரிடம் பேசக்கூடியவர் சட்டமன்ற உறுப்பினராகவும் இருக்கும்போது இருவருக்கும் இடையே ஓர் உறவு தானாகவே முளைக்கிறது. அந்த இருவரும் ஒருவராகவே ஆகிவிட்டால் என்ன நிகழும் என்பதே இக்கட்டுரையின் மையக் கேள்வி.

அதை விளக்கத் தமிழகத்தின் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு பொள்ளாச்சி நா. மகாலிங்கம். 1923இல் பிறந்த அவர், தந்தை நாச்சிமுத்துக் கவுண்டர் தொடங்கிய ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட் என்னும் பேருந்து நிறுவனத்தின் வழியாகத் தொழிலுக்கு வந்து, 1952, 1957, 1962 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களிலும் காங்கிரஸ் வேட்பாளராக வென்று பொள்ளாச்சியின் சட்டமன்ற உறுப்பினராகப் பதினைந்தாண்டுகள் பணியாற்றினார். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டத்துக்காக உழைத்தவர்களுள் ஒருவராக அவர் நினைவுகூரப்படுகிறார். 1961இல் சக்தி சர்க்கரை ஆலை நிறுவனத்தையும் தொடங்கினார். 1967க்குப் பின் அவர் சட்டமன்றத்தில் இல்லை. 1972இல், தனியார் பேருந்துகளை நாட்டுடைமையாக்கிய அரசின் முடிவால், ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட்டின் பேருந்துகளைக் கொண்டு கோயம்புத்தூரில் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. சட்டமன்றத்தில் அமர்ந்திருந்த ஒருவரின் குடும்பத் தொழிலைப் பிற்காலச் சட்டமன்றம் எடுத்துக்கொண்டது என்ற இந்த வரலாறு, பதவி எந்தத் தொழிலுக்கும் நிரந்தரக் காப்பு அன்று என்பதைக் காட்டுகிறது.

பேருந்துத் தொழிலின் உள்ளமைப்பை அருகில் நின்று பார்த்தால் வேறொன்றும் புலப்படும். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் காலம் முதலே, பேருந்து வாங்குவதற்குப் பணம் இருந்தால் மட்டும் போதாது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை நடை, எந்த நேரத்தில் என்று வரையறுக்கும் வழித்தட அனுமதியும் வேண்டும். அந்த அனுமதித் தாளின் மதிப்பு சில நேரங்களில் வண்டியின் மதிப்பையும் மிஞ்சும். அதே வழித்தடத்தில் பத்து நிமிடம் முன்னதாக இன்னொருவருக்கு நேரம் ஒதுக்கப்பட்டால் பழையவரின் கல்லா பாதியாகிவிடும். ஆக, பேருந்து உரிமையாளரின் வருவாய் பயணிகளால் மட்டுமன்றி, அரசின் ஆணையாலும் தீர்மானிக்கப்படுகிறது. மகாலிங்கத்தைக் குறைகாண இதைச் சொல்லவில்லை. அனுமதியால் வாழும் தொழிலில் உள்ள எவர் சட்டமன்றத்துக்குச் சென்றாலும் எழக்கூடிய கேள்விக்குப் பேருந்து தெளிவான உருவம் தருகிறது என்பதால் சொல்லப்படுகிறது.

பீடிக் கட்டிலிருந்து கல் குவாரி வரை

இந்தக் கேள்வியைச் சட்டம் எதிர்கொண்ட விதம், முதலில் அகலமாகத் தொடங்கிப் பின்னர் குறுகிய ஒரு கதை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் தொடக்க வடிவத்தில், அரசுக்குப் பொருள் வழங்கவோ, பணிகளை நிறைவேற்றவோ, சேவை செய்யவோ செய்துகொண்ட ஒப்பந்தத்தில், ஒருவர் தாமாகவோ தம் நலனுக்காக வேறொருவர் மூலமாகவோ பங்கு கொண்டிருந்தால், அவர் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர். பினாமி என்று ஊரில் வழங்கும் மறைமுக ஏற்பாட்டையும் அந்த வாசகம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

அதன் கூர்மையை ஒரு பீடி நிறுவனம் உணர்த்தியது. முதல் பொதுத்தேர்தலில் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சதுர்புஜ் விட்டல்தாஸ் ஜசானி, படைவீரர்களின் கேன்டீன்களுக்குப் பீடி வழங்க நடுவண் அரசோடு ஏற்பாடு செய்திருந்த மூல்ஜி சிக்கா நிறுவனத்தின் பங்காளி. அந்த ஒப்பந்தம் அரசியலமைப்புச் சட்டம் கோரும் முறைப்படி எழுதப்படவில்லை என்ற வாதத்தையும் தாண்டி, 1954இல் உச்ச நீதிமன்றம் அவர் தகுதியற்றவர் என்று தீர்ப்பளித்தது. பீடி அற்பப் பொருளாயிற்றே என்று நீதிமன்றம் விட்டுவிடவில்லை. அரசோடு விற்பனைக் கணக்கு வைத்திருப்பவர் அந்த அரசைக் கேள்வி கேட்கும் அவையில் அமர்வதிலுள்ள முரணையே சட்டம் தடுக்க முனைந்தது.

1958இல் செய்யப்பட்ட திருத்தம் இந்த வாசகத்தைச் சுருக்கியது. 1966 திருத்தம் அதை இன்றுள்ள 9ஏ பிரிவாக்கியது. இப்போதைய நிலையில், உரிய அரசோடு தம் தொழிலின் போக்கில் தாமே செய்துகொண்ட ஒப்பந்தம், அதுவும் பொருள் வழங்கவோ அரசு மேற்கொண்ட பணியை நிறைவேற்றவோ செய்துகொண்ட ஒப்பந்தம், நடப்பில் இருந்தால் மட்டுமே தகுதியிழப்பு. சேவை என்ற சொல் விடுபட்டது. பிறர் மூலமாக என்ற சொற்களும் விடுபட்டன. தம் பங்கு வேலையை முழுமையாக முடித்துவிட்டவருக்கு அரசு தர வேண்டிய பணம் நிலுவையில் இருந்தாலும் ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாகக் கருதப்படாது. சட்டமன்ற உறுப்பினரைப் பொறுத்தவரை உரிய அரசு என்பது அவருடைய மாநில அரசே. எனவே ஓசூர்ப் பட்டறைக்காரர் ஒருவர் எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள கர்நாடக அரசுக்குச் சரக்கு வழங்கிக்கொண்டே தமிழகச் சட்டமன்றத்தில் அமர்வதை இப்பிரிவு தடுக்காது.

கருங்கல்லும் ஜல்லியும் வெட்டியெடுக்கப்படும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இதனினும் முக்கியமான விளக்கம் நீதிமன்றங்களிலிருந்து வந்தது. சுரங்கக் குத்தகை என்பது அரசுக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தம் அன்று என்று உச்ச நீதிமன்றம் 1960களிலேயே கூறியது. ஹரியானாச் சட்டமன்ற உறுப்பினர் கர்தார் சிங் படானா தொடர்பான வழக்கில், 2001இல், குத்தகைதாரர் கனிமம் வெட்டுவது அரசின் பணியை நிறைவேற்றுவதும் ஆகாது என்று தெளிவாக்கியது. ஜார்க்கண்ட் முதல்வராக இருந்தபோதே ஹேமந்த் சோரன் பெயரில் கல் குவாரிக் குத்தகை இருந்ததாக 2022இல் எழுந்த புகார் இதே 9ஏ பிரிவின்கீழ்த் தேர்தல் ஆணையம் வரை சென்றது நினைவிருக்கலாம். அரசுப் பள்ளிக்குச் சில ஆயிரம் ரூபாய்க்கு மேசை செய்து தர ஒப்பந்தம் செய்துகொண்ட தச்சுப்பட்டறைக்காரர் சட்டமன்ற உறுப்பினரானால் பதவியிழக்கும் ஆபத்து உண்டு. அரசு நிலத்தில் மலையை வெட்டக் குத்தகை பெற்றவருக்கு அந்த ஆபத்து இல்லை. வழித்தட அனுமதியும், மதுக்கூட உரிமமும், சிப்காட் மனை ஒதுக்கீடும் இந்த வலையின் கண்ணில் சிக்குவன அல்ல.

அமைச்சரானால்

அமைச்சர்களுக்கென்று நடத்தை விதிகள் உண்டு. பதவியேற்குமுன் தாம் நடத்திவந்த தொழிலின் நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும், அரசின் சொத்தை வாங்கக் கூடாது என்பன போன்றவை அவற்றில் அடங்கும். இவ்விதிகளின் வலுவைச் சோதித்தது டான்சி வழக்கு. டான்சி என்பது தமிழ்நாடு சிறுதொழில் நிறுவனத்தின் சுருக்கப் பெயர். முதல்வராக இருந்த ஜெயலலிதா பங்காளியாக இருந்த ஜெயா பப்ளிகேஷன்ஸ், கிண்டியில் அந்நிறுவனத்துக்குச் சொந்தமான நிலத்தை 1992இல் வாங்கியது. 2000இல் விசாரணை நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதிக்க, 2001இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது; 2003 நவம்பர் 24இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதி செய்தபோது, நடத்தை விதிகளுக்குச் சட்டத்தின் வலு இல்லை என்று கூறியதோடு, மனச்சான்றுக்குப் பதில் சொல்லும் வகையில் சொத்தைத் திருப்பித் தருமாறும் அறிவுறுத்தியது. குற்றமன்று என்பதும் தகும் என்பதும் ஒன்றல்ல என்பதை நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே எழுதிவைத்த ஆவணமாக அத்தீர்ப்பைக் கொள்ளலாம்.

படிவம் 26

தடுப்பதில் பின்வாங்கிய சட்டம், வெளிப்படுத்துவதில் முன்னேறியிருக்கிறது. வேட்பாளரின் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்குகள் ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்று 2002, 2003 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் நிலைநாட்டின. அதன் விளைவாக, வேட்புமனுவோடு இணைக்க வேண்டிய படிவம் 26 என்னும் பிரமாணப் பத்திரம் படிப்படியாக விரிந்தது. கட்டங்களை வெறுமையாக விடக் கூடாது என்று 2013இல் தீர்ப்பு வந்தது. சொத்து மதிப்பை மட்டுமன்றி வருமானம் வரும் வழியையும் சொல்ல வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 2019 முதல் ஐந்தாண்டு வருமான வரிக்கணக்கும் கேட்கப்படுகிறது.

அந்தப் படிவத்தைக் கையிலெடுத்துப் படிப்பவருக்கு ஒரு கடையின் முழு உருவம் கிடைக்கும். வேட்பாளர், துணைவர், கூட்டுக் குடும்பம், சார்ந்திருப்போர் என்று தனித்தனிப் பத்திகள். கையிருப்பு ரொக்கம், வங்கிக் கணக்கு, வண்டி, நகை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைகள். அதன்பின் நிலமும் கட்டடமும். பிறகு வங்கிக்கும் தனியாருக்கும் அரசுக்கும் தர வேண்டிய பாக்கிகள். தொழில் என்ன, வருமானம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விகளை அடுத்து, அரசோடும் பொதுத்துறை நிறுவனங்களோடும் உள்ள ஒப்பந்தங்களை வேட்பாளருக்கு மட்டுமன்றித் துணைவருக்கும் சார்ந்திருப்போருக்கும், அவர்கள் பங்கு வகிக்கும் கூட்டு நிறுவனங்களுக்கும் சேர்த்துக் கேட்கும் கட்டங்கள் வருகின்றன. 1958இல் சட்டத்திலிருந்து வெளியேறிய ‘பிறர் மூலமாக’ என்ற கவலை, அறுபதாண்டுகள் கழித்து, தகுதியிழப்பாக இல்லாமல் தகவலாகத் திரும்பி வந்திருக்கிறது. பொய்த் தகவல் தருவது 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

இதில் இருக்கும் குறை, படிவம் தேர்தலுக்குத் தேர்தல் மட்டுமே எழுதப்படுவது. வேட்புமனு நாளில் எழுதிய கணக்கு, அடுத்த ஐந்தாண்டுகளில் வாங்கிய குவாரியையோ தொடங்கிய டிரான்ஸ்போர்ட்டையோ காட்டாது. மாநிலங்களவையில் உறுப்பினர்கள் தம் இயக்குநர் பதவிகள், ஊதியம் தரும் பணிகள், கட்டுப்படுத்தும் அளவிலான பங்குகள் முதலியவற்றைப் பதவிக்காலத்திலேயே பதிவு செய்யும் நலன்பதிவேடு உண்டு. பிரிட்டன் நாடாளுமன்றம் 1970களிலிருந்தே அத்தகைய பதிவேட்டைப் பேணுகிறது.

கோட்டையிலிருந்து திரும்பும் வழி

பதவி தரும் நேர்முக வருமானம், கடையை மூடிவிட்டு வருமளவுக்குப் பெரிதன்று. தமிழகச் சட்டமன்ற உறுப்பினரின் மாத ஊதியமும் படிகளும் 2017இல்தான் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தப்பட்டன. திருமணம், இறப்பு, கோயில் திருவிழா, மருத்துவச் செலவு எனத் தொகுதி எதிர்பார்க்கும் மொய்யும் உதவியும் இதற்குள் அடங்குவதில்லை. ஆதலால் சொந்தத் தொழில் உள்ளவருக்கு அரசியலில் நிலைத்து நிற்பது எளிதாகிறது. தொழில் இல்லாதவர் கட்சியையோ புரவலரையோ நம்ப வேண்டியிருக்கிறது. சொந்தக் கல்லா ஒருவரைப் பிறரிடம் கையேந்தாமல் காப்பாற்றும் என்பது தொழில்முனைவோர் அரசியலுக்கு வருவதை ஆதரிப்போரின் வலுவான வாதம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

உறுப்பினரின் பரிந்துரைக்கு உட்பட்ட தொகுதி மேம்பாட்டு நிதி அவர் கையில் தரப்படும் பணம் அன்று. எந்த ஊரில் எந்தப் பணி என்று அவர் பரிந்துரைக்க, மாவட்ட ஆட்சியர் நிர்வாக ஒப்புதல் அளிக்க, அரசுத் துறைகள் டெண்டர் வழியாக ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுத்துப் பணியை முடிக்கின்றன. அஞ்செட்டி மலைக்கிராமத்துக்குச் சாலை போடுவதென்றால், வழி காட்டின் ஊடே செல்லும்போது 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடுவண் அரசின் அனுமதியும் தேவைப்படுகிறது. வாக்குறுதி கொடுத்த வணிகர், தம் கடையில் கொடுத்த சொல்லை மாலைக்குள் நிறைவேற்றிப் பழகியவர், கோப்புகள் ஆண்டுக்கணக்கில் நகரும் இந்த உலகில் புதிய பொறுமையைக் கற்க வேண்டியிருக்கிறது. சாலை வந்த பிறகு, ஜல்லி எந்தக் குவாரியிலிருந்து வந்தது, லாரி யாருடையது என்ற கேள்விகளைக் கேட்கும் உரிமையை வாக்காளரும் கற்க வேண்டியிருக்கிறது.

கடைக்காரரின் கடன் நோட்டை அவரைத் தவிர வேறெவரும் புரட்டிப் பார்ப்பதில்லை. அது வணிகத்தின் இயல்பு, அதில் தவறுமில்லை. பதவிக்கு வந்தபின் அவர் ஏற்பது வேறு வகையான கடன், அதற்கான நோட்டு வாக்களித்தவர்களிடமும் இருக்க வேண்டிய கடன். படிவம் 26 அதன் முதல் பக்கம். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும் யாரும் படிக்கும்படி வைக்கப்படுவது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் நலன்பதிவேடு ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றத்திலும் பேணப்பட்டு அதைப் போலவே வெளியிடப்படுமானால், மீதிப் பக்கங்களும் நிரம்பும். அறுவடை முடிந்த கையோடு பற்றையும் வரவையும் சரிபார்த்து, எழுதாதது எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே மூட்டையை அளந்து கொடுக்கும் வழக்கம் உள்ள ஊருக்கு, இந்தக் கணக்கையும் சரிபார்க்கத் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நோட்டைக் கண்ணில் காட்டினால் போதும்.